சீமைமாதுளைக்கு ஒரு ஜாமீன்

இல்ல நஸ்ரத் அண்ணே, உள்ள வர வேணாம். தோட்டத்துல கால் வச்சதே பெருசு. டீ குடிங்கன்னு கூடச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க, அதுக்குத்தான் ஆள் அனுப்பினேன்.

இந்தச் சீமைமாதுளைதான். மூணு வருஷமாப் பூக்குது, ஒரு பிஞ்சு நிக்கல. அதான் கோடாலியோட நிக்கிறேன். ஏன் அப்படிப் பாக்குறீங்க? நம்ம ஊர் வழக்கம்தானே! வருஷப் பொறப்பு நவ்ரோஸுக்கு முன்னாடி காய்க்காத மரத்தை ஒருத்தர் வெட்டப் போகணும். இன்னொருத்தர் ஓடிவந்து கையப் பிடிச்சு, வெட்டாதே, இதுக்கு நான் ஜாமீன்னு சொல்லணும். வீட்டுக்காரங்க சொன்னாச் செல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் நீங்கதான்.

ஆமா, நெசமாவே தீட்டித்தான் வச்சிருக்கேன். சும்மா பாவ்லா காட்டினா மரம் கண்டுபிடிச்சிடும்னு சொன்னதே நீங்கதானே? அப்ப என் வீட்டுக்காரர் உசிரோட இருந்தார். அவர் ஓங்க, நீங்க சிரிச்சுக்கிட்டே பிடிச்சு ஜாமீன் சொன்னீங்க. அந்த வருஷம் கிளை ஒடியக் காய்ச்சுது. மஞ்ச மஞ்சளா, மேலெல்லாம் பூனைமுடி. உங்க சம்சாரம் வாசனைக்குன்னு துணிப்பெட்டியில போட ஒரு கூடை வாங்கிட்டுப் போனாங்க. மிச்சத்தை நான் ஆட்டுக்கறியில போட்டுக் கொதிக்க வச்சேன். உங்க மகன் பெஹ்ரூஸ் மூணு தட்டு சாப்பிட்டுட்டு, சித்தி, இன்னும் இருக்கான்னு...

சரி, சரி. அவன் பேரை எடுக்கல. போகாதீங்க அண்ணே, கும்பிட்டுக் கேக்குறேன்.

தண்ணி விடலையாவா? யாரு விடுறது? அந்த மடைக்கல்லுப் பக்கம் என் காலே போக மாட்டேங்குது. ரெண்டு வீட்டுக்கும் ஒரே வாய்க்கால். இன்னைக்குத் தண்ணி முறை எங்களுது, உங்களுதுன்னு ரெண்டு பயலுகளும் மல்லுக்கு நின்னானுங்க. ஒரே ஒரு தள்ளு. உங்க புள்ள தலை அந்தக் கல்லுல பட்டு, அங்கயே உசிரு போயிடுச்சு. தள்ளினது என் மகன் சியாமக்தான். இல்லைன்னு ஒருநாளும் நான் வாயத் திறந்ததில்ல. கோர்ட்டுலயும் சொல்லல, உங்க வீட்டம்மா என் மூஞ்சியில துப்பினப்பவும் சொல்லல.

போதும், பேச்சு வளருது. இதோ ஓங்கிட்டேன். தள்ளியே நிக்கிறீங்களே! நீங்க கையப் பிடிக்கலைன்னா வெட்டிடுவேன், சத்தியமா வெட்டிடுவேன்.

ஆ... மெதுவா, மெதுவா. மணிக்கட்டு நோவுது. பரவால்ல, விடாதீங்க.

ஆனா பிடிச்சா மட்டும் போதாது அண்ணே, வாய்விட்டுச் சொல்லணும். இந்த மரத்துக்குச் சொல்ல வேணாம், இது எப்படியோ போகட்டும். நேத்து ஜெயில்லேருந்து தகவல் வந்துச்சு. புதன்கிழமை விடியக்காலைல சியாமக்கைத் தூக்குல போடுறாங்களாம். பெத்தவ கெஞ்சினாச் செல்லாதாம். புள்ளயப் பறிகொடுத்த நீங்க மன்னிச்சேன்னு சொன்னாத்தான் செல்லுமாம்.