நண்டுகள் ஏறிய கட்டை

மரத்தை முகர்ந்து பார்த்தே அதன் இனத்தைச் சொல்லிவிடுவேன். மரக்கடையில் வேலை பார்ப்பவனுக்கு அது பெரிய வித்தையல்ல.

என் தங்கை துறவி நண்டுகள் வளர்த்தாள். காலிச் சங்குகளைச் சுமந்து திரியும் சின்ன உயிர்கள் அவை. வாங்கித் தந்தவர் அவள் கணவர். பெற்றோர் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவன் நான்; சடை பின்னக்கூடக் கற்றுக்கொண்டேன். இப்போது ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குப் போனால், கணவனும் மனைவியும் கண்ணாடித் தொட்டியின் முன் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தேநீர் வரும், பேச்சு வராது.

அந்த நண்டுகளுக்கு ஏறி இறங்குவதென்றால் உயிர். மாப்பிள்ளைக்கோ தேக்குக்கும் தீக்குச்சிக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே கட்டை கேட்டு என்னிடம் வந்தார். கடல் ஒதுக்கிய கட்டையைத் தேடியெடுத்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்திக் கொடுத்தேன். சாயமேறாத தேங்காய் நார்க் கயிறும் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது, இருப்பதிலேயே பெரிய சங்கைப் பிடித்துக்கொண்டதால் ‘மேனேஜர்’ என்று பெயர் வாங்கிய நண்டு, கட்டையின் உச்சியில் வீற்றிருந்தது.

“பாத்தியாண்ணா? இவரே தேடித் தேடிக் கொண்டுவந்தாராம். உனக்குக்கூட இப்படி ஒரு கட்டை கெடைக்காது” என்றாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். “மேனேஜரே ஒத்துக்கிட்டாரு. நீங்க என்ன சொல்றீங்க மச்சான்?”

சிறுவர் கதைகளில் பொறாமை கொண்ட நரியை அதன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். என் முகம் அப்படியல்ல. “நல்ல கட்டைதான்” என்றேன்.

பிறகு பெரிய தொட்டி வந்தது. “பைன் மட்டும் வேணாங்க, பிசின் இருக்கற மரம் இதுங்களுக்கு ஆகாது” என்று என் எதிரிலேயே கணவரிடம் சொன்னாள். மறுநாளே அவர் கடைக்கு வந்தார். “இந்தத் தடவையும் காப்பாத்துங்க மச்சான்.”

பைன் துண்டு ஒன்றை எடுத்தேன். விளிம்புகளை அராவி, மணலில் தேய்த்து, வாசனை அடங்கும்வரை உப்புநீரில் ஊறவைத்தேன். கடல் ஒதுக்கிய கட்டையைப் போலவே வெளுத்துப் போயிற்று. தொட்டியின் வெதுவெதுப்பான ஈரத்தில் பிசின் மீண்டும் கசியும் என்பதும் எனக்குத் தெரியும்.

“கடற்கரையில நீங்களே பொறுக்குனதா சொல்லுங்க மாப்பிள்ளை. அவளுக்கு அதுலதான் சந்தோஷம்.”

“நீங்க தங்கம் மச்சான்” என்றார்.

நண்டுகள் ஒவ்வொன்றாகச் சங்கை விட்டு வெளியே வந்து செத்தன. மேனேஜர் கடைசியாகப் போனது. மரக்கடையில் வளர்ந்த பெண்ணல்லவா, கட்டையை முகர்ந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை முதலில் கடற்கரையில் பொறுக்கியது என்று சத்தியம் செய்தார். துருவிக் கேட்டதும் என் பெயரைச் சொன்னார்.

அவள் நேரே கடைக்கு வந்தாள். “நீ குடுத்தியாண்ணா?”

“நானா? எனக்கு இப்பத்தாம்மா தெரியும். பயத்துல ஏதோ சொல்லிட்டாரு. அவரைக் கோவிச்சுக்காத.”

அந்தக் கடைசி வார்த்தையை மிகவும் இதமாகச் சொன்னேன். நண்டுகள் செத்ததை அவள் மன்னித்திருப்பாள். வளர்த்த அண்ணன்மேல் பழி போட்டதை மன்னிக்க முடியவில்லை. அன்று மாலையே பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மாப்பிள்ளை இன்னும் கடைப் பக்கம் வருகிறார். “ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிடுங்க மச்சான். அவ வந்துடுவா.” நான் பலகைக்கு அளவு போட்டுக்கொண்டிருப்பேன்.

உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. தெரிந்தேதான் கொடுத்தேன், அவரைப் பொய் சொல்ல வைத்தேன், நானும் பொய் சொன்னேன். நண்டுகளைத் தவிர வேறெந்த உயிருக்கும் நான் தீங்கு நினைத்ததில்லை. தங்கை பழைய அறையிலேயே இருக்கிறாள், பழையபடி நான்தான் சமைத்துப் போடுகிறேன். தட்டு அப்படியே திரும்பி வருகிறது. கதவுக்கு அப்பால் அழுகைச் சத்தம் கேட்கிறது. நண்டுகளுக்காக ஒருத்தி இத்தனை நாள் அழுவாளா என்று எனக்கு வியப்பாகவே இருக்கிறது.