கிண்ணத்தில் கறுப்பு மிட்டாய்

பைவி: ...மாத்திரையைப் போடுறீங்களா இல்லையா? ஒளிக்காம சொல்லுங்க யார்க்கோ.

யார்க்கோ: போடுறேன்.

ரைலி: என் மாப்பிள்ளை பொய் சொல்ல மாட்டார், நர்சம்மா. அதுக்கு முதல்ல வாயைத் திறக்கணுமே.

பைவி: அப்புறம் ஏன் பிரஷர் ஏறுது? காலைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு.

யார்க்கோ: தெரியல.

பைவி: சர்க்கரை நோய் கிட்னியைப் பாதி தின்னாச்சு. உப்பைப் பிடிச்சு வைக்கிற ஹார்மோன் ஒண்ணு மீதியைக் கெடுக்குது. அது சுரக்காம தடுக்கத்தான் இந்தப் புது மாத்திரை. போட்டா பொட்டாசியம் கொஞ்சம் ஏறணும்...

ரைலி: ஏறலையா?

பைவி: இறங்கிடுச்சு. மாத்திரை வேலை செய்யல, நிறுத்திடலாம்ங்கிறார் டாக்டர்.

ரைலி: நிறுத்தினா?

பைவி: டயாலிசிஸ்... சீக்கிரமே வரும்.

ரைலி: முப்பத்தாறு வயசுங்க இவருக்கு! போன குளிர்காலத்துலதான் என் மகளைப் புதைச்சேன். இவரையும்...

யார்க்கோ: அத்தை. விடுங்க.

பைவி: என்ன சாப்பிடுறீங்க?

யார்க்கோ: ரொட்டி. மீன்.

ரைலி: உப்பைத் தொடவே விடமாட்டேன்!

பைவி: நொறுக்குத்தீனி?

யார்க்கோ: ...இல்ல.

பைவி: நாக்கை நீட்டுங்க.

யார்க்கோ: எதுக்கு?

பைவி: நீட்டுங்க... இதென்ன, இப்படிக் கறுத்திருக்கு?

யார்க்கோ: காபி.

பைவி: காபியா? சல்மியாக்கி தின்ன கறுப்பு இது!

ரைலி: அது மிட்டாய்தானேங்க. சர்க்கரை இல்லாததாப் பாத்துதான் வாங்குறேன். பின்லாந்துல அதைத் திங்காத பிள்ளை உண்டா?

பைவி: தினமுமா?

ரைலி: என் மக மின்னாவோட கிண்ணம் அது. இவர் வீட்டுல அவ வச்ச இடத்துலயே இருக்கு. வர்றப்பல்லாம் நான் நிரப்பி வைப்பேன்... காலியாயிடும்.

பைவி: அதுல அதிமதுரம் இருக்கே! நாங்க தடுக்குற ஹார்மோனோட வேலையை அது வேற வழியா நடத்திடும். நாங்க முன்வாசலைப் பூட்டுறோம், நீங்க பின்வாசலைத் திறந்து விடுறீங்க.

ரைலி: ஐயோ... நானா?

பைவி: இன்னையோட நிறுத்துங்க. மறுபடி ரத்தம் எடுத்துப் பாக்கணும். இருங்க, டாக்டர் மாத்திரையை நிறுத்துறதுக்குள்ள போய்ச் சொல்லிட்டு வர்றேன்.

ரைலி: மாப்பிள்ளே... அவ நெனப்புலதான் திங்குறீங்கன்னு நானும்...

யார்க்கோ: ம்.

ரைலி: கிண்ணத்தை எடுத்து உள்ள வச்சிடுங்க. நானும் இனிமே... அடிக்கடி வந்து தொல்லை பண்ணல.

யார்க்கோ: ஏன்?

ரைலி: கிண்ணம் காலியாயிருக்கும்னுதானே வர்றேன். மகளும் இல்ல. வேற எதைச் சொல்லி உங்க கதவைத் தட்டுறது?

யார்க்கோ: அதுக்காகத்தான் காலி பண்ணினேன். எனக்கு அந்த மிட்டாய் பிடிக்கவே பிடிக்காது, அத்தை.