ஆள் ஏறியாச்சு

நான் இளவழகன். வயசு இருபத்தாறு. சொந்த ஊரு குத்தாலத்துக்குப் பக்கம். இப்போ சென்னையில, எங்க ஆபீஸ் மாடிப்படியில உக்காந்திருக்கேன். கயல் அக்கா, இது உனக்குத்தான். வேற யாராவது கேட்டாலும் புரியணும்னு பேரு ஊரெல்லாம் சொல்றேன். டைப் அடிக்க ஓடல, அதான் பேசியே அனுப்புறேன். வாங்கின டீ ஆறிப்போச்சு.

என் வேலை ரொம்பச் சாதாரணம். நம்ம பக்கத்து வாய்க்கால் மதகுக்கெல்லாம் எங்க கம்பெனி மோட்டார் மாட்டியிருக்கு. எது தொறந்துச்சு, எது மூடுச்சு, யார் தொறந்தாங்கன்னு இங்க ஸ்கிரீன்ல வரி வரியா விழும். லாக்னு சொல்லுவோம். அதைப் பாத்துட்டே இருக்கணும்.

மதகுக்கடியில ஆகாயத்தாமரை வார இறங்குறவங்க முதல்ல எங்களுக்குப் போன் பண்ணுவாங்க. நாங்க 'ஆள் உள்ளே'ன்னு போட்டு மதகைப் பூட்டிடுவோம். அவங்க கரையேறிக் கூப்பிட்டாத்தான் 'ஆள் ஏறியாச்சு'ன்னு போட்டுப் பூட்டை எடுக்கணும்.

முந்தாநாள் பதினொன்னு நாப்பதுக்குச் சாமிதுரை மாமா கூப்பிட்டாரு. என் குரலைக் கேட்டதும், "ஏன்டா மாப்ள, மெட்ராஸ்ல ஃபேனுக்கடியில உக்காந்துட்டு எங்க வாய்க்காலுக்கு நீ பூட்டுப் போடுறியா?"ன்னு சிரிச்சாரு. பூட்டுப் போட்டேன்.

ஒரு மணிக்குப் பக்கத்து சீட்டு நுஸைபா சாப்பிடப் போனா. கம்ப்யூட்டரை மூடல. நான்தான் இருக்கேனேன்னு விட்டுட்டுப் போனா. எனக்கு அமாவாசை விரதம், அதனால நான் போகல.

அப்பதான் அப்பா கூப்பிட்டாரு. "தம்பி, நாத்தங்கால் முழுகிடுச்சுடா. மதகைப் பத்து நிமிஷம் தொறந்து விட்டா வடிஞ்சிடும். நீ நெனச்சா முடியாதா?"

மாமா உள்ள இருந்தது அப்பாவுக்குத் தெரியாது. அவரைத் திட்டாத.

ஒரு மணி ஆனா நம்ம ஊருல எல்லாரும் கரையேறிச் சோத்துக்குப் போயிடுவாங்க, உனக்கே தெரியும். அதைத்தான் நெனச்சேன். மாமாவுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணா, 'இன்னும் அரை மணி ஆவும்டா'ன்னுதான் சொல்லுவாரு. அதனால பண்ணல.

நுஸைபா சீட்டுல உக்காந்தேன். ஒன்னு பன்னெண்டுக்கு 'ஆள் ஏறியாச்சு'. ஒன்னு பதிமூணுக்கு மதகு தொறந்துச்சு. ஒன்னு பதினஞ்சுக்கு ஒரு மெசேஜ் சிவப்பா விழுந்துச்சு, 'நீரோட்டம் தடைபட்டது'ன்னு. பாத்துட்டே இருந்தேன். ஒரு நிமிஷத்துல பச்சையா வந்துச்சு, 'தடை நீங்கியது'. எனக்கு 'அப்பாடா'ன்னு இருந்துச்சு.

மாமாவை நாலு மணிக்குத்தான் வாய்க்கால்லேர்ந்து எடுத்தாங்களாம். நாத்து பொழச்சிடுச்சு.

லாக்ல நுஸைபா பேருதான் இருக்கு. நேத்து அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, இன்னும் விடல. போறப்ப என்னைப் பாத்து, "நான் சாப்பிடப் போனேன்னு நீங்களாவது சொல்லுங்க"ன்னா. நான் ஸ்கிரீனைப் பாத்துட்டு இருந்தேன்.

இன்னிக்குக் காலையில மொத்த லாக்கையும் அழிச்சேன். யாருக்குமே பிரச்சினை இருக்காதுன்னு. ஸ்கிரீன் வெறுமையா ஆச்சு. அடுத்த நொடி தானா ஒரே ஒரு வரி விழுந்துச்சு: 'லாக் அழிக்கப்பட்டது. அழித்தவர்: இளவழகன்.' அந்த வரியையும் அழிச்சேன். அதுக்கும் ஒரு வரி விழுந்துச்சு. மூணு தடவை அழிச்சேன் அக்கா. மூணு தடவையும் என் பேரு.

கீழ ஜீப் வந்து நிக்குது. லிஃப்ட்ல ஏறுறாங்க போல.

நுஸைபாவை விட்டுடச் சொல்லுக்கா, நான்தான் தொறந்தேன். அப்புறம் மாமா வீட்டுல அம்சவல்லி அத்தையைப் பாத்தா ஒன்னே ஒன்னு சொல்லிடுக்கா. அமாவாசை விரதத்தன்னிக்கு மாமா வேலையை முடிக்காம சோத்துக்கு ஏற மாட்டாருங்கறது, தம்பிக்கு ஞாபகமே இல்லைன்னு.