பெட்டி போகாத ஒழுங்கை

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கோ. எண்ணெயும் மிச்சம், கதைக்கும் நல்லது.

மைம்மல் நேரம்... ஆறரை இருக்கும். ரண்டாயிரமாம் ஆண்டு, ஐப்பசி. கிளிநொச்சி ரவுணுக்குப் பின்னால ஒரு ஒழுங்கை, ரண்டு பக்கமும் வேலி வைச்ச ஒடுக்கமான பாதை. சனம் இடம்பெயர்ந்து நாலு வருசம் ஒருத்தரும் நடக்காமல் கிடந்தது. மிதிவெடி எடுத்தாச்சு, ஆளுயரப் புல்லு மட்டும் மிச்சம். அதுக்க ஒரு மனிசன் தனிய நிண்டு வெட்டுறார். சரக்... சரக்... வேற ஒரு சத்தமும் இல்லை.

அவர் என்ர சிநேகிதன் தயாபரன்ர பெரியமாமா, மயில்வாகனம். சபையில ஒழுங்கை துப்புரவாக்கிற வேலை. ஆள் சரியான கறார். உழவுமிசினுக்குப் பின்னால பூட்டுற பெட்டியின்ர அகலத்துக்கு ஒரு தடி வெட்டி வைச்சிருந்தார். புல்லை வெட்டிக்கொண்டு போகேக்க அதைக் குறுக்க பிடிச்சுப் பாப்பார். ஆரின்ர வேலியிலயும் முட்டிச்சுதோ, வீட்டுக்காரனைக் கூப்பிட்டு வேலிக்கு நட்ட கதியாலைப் பிடுங்க வைச்சுப்போட்டுத்தான் மற்ற வேலை. ஊர் ஒழுங்கை எல்லாத்துக்கும் அந்தத் தடி. தன்ர ஒழுங்கைக்கு மட்டும் அதைக் கொண்டு வரமாட்டார்.

ஏனெண்டால் அங்க வேலியை ஒழுங்கைக்குள்ள அரக்கினதே அவர்தான். அவரும் முன்வீட்டுக் கனகலிங்கமும். ஒவ்வொரு மழைக்கும் புதுக் கதியால் நடேக்க இவர் ஒரு முழம் வெளியால, அவர் ஒரு முழம் வெளியால. ஒழுங்கை முடிவில, மண்வீட்டில, பேச்சியம்மா எண்டு ஒரு மனிசி தனிய இருந்தவா. இடுப்புக்குக் கீழ ஏலாது. இருந்த இருப்பில ரண்டு கையையும் ஊண்டி, இழுபட்டு இழுபட்டுத்தான் வருவா. எனக்கொரு அந்தரம் அவசரமெண்டால் பெட்டி உள்ளுக்கு வரேலாதே தம்பி எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பா. ரண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு போட்டினம்.

தொண்ணூற்றாறில ஷெல் விழத் தொடங்க, உழவுமிசின் வந்தது. ஒழுங்கை வாசலோட நிண்டிட்டுது. பெட்டி உள்ளுக்கு வரேலாது. இவை ரண்டு பேரும் நெல்லுமூட்டை, அலுமாரி, கதவுநிலை எல்லாத்தையும் தோளில காவிக்கொண்டு போய் ஏத்தினவை. பேச்சியம்மா தன்ர வாசல் படலையடியில இருந்து பாத்துக்கொண்டிருந்தவா. மயில்வாகனம் திரும்பி அவவுக்குச் சொன்னவர்.

"இருங்கோ... இறக்கிப்போட்டு வாறம்."

சொன்னதுதான். அதுக்குப் பிறகு அவவைக் கண்டவை ஒருத்தரும் இல்லை. அலுமாரிக்கு இடம் இருந்தது, பாருங்கோ.

இப்ப திரும்பி வந்தாச்சு. மகள் விமலேஸ்வரிக்கு வயித்தில ஒன்பது மாதம். புருசன் வவுனியாவுக்குப் போனவன், பாதை பூட்டி அங்காலயே நிக்கிறான். நோக்காடு கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பெட்டி வீட்டு வாசலுக்கு வரவேணும். அதுக்குத்தான் இந்தப் புல்லு வெட்டு. முதல் தரமாத் தன்ர ஒழுங்கைக்குத் தடியைக் கொண்டு வந்தார். கனகலிங்கத்தோட கதைச்சு, பழங்கதியாலைத் தறிச்சு, ரண்டு பேரும் வேலியைப் பின்னுக்கு எடுத்தினம். தடி முட்டேல்லை. மனிசன் அண்டைக்கு நிம்மதியாப் படுத்தார்.

விடிய எழும்பி வந்து பாத்தால்... கனகலிங்கத்தின்ர கதியால் ஒரு முழம் முன்னுக்கு நிக்குது. அடியில புது மண். கிளுவைப் பட்டையின்ர பச்சை மணம். வெட்டின புல்லில ஏதோ இழுபட்ட தடம், ரண்டு பக்கமும் பள்ளம் பள்ளமா. காட்டுப்பண்டி எண்டு நினைச்சார். அப்பிடி நினைக்கத்தான் அவருக்கு விருப்பம்.

கனகலிங்கம் பிள்ளையளில சத்தியம் பண்ணினார், நான் தொடேல்லை எண்டு. ஆர் நம்புறது? எங்கட ஆக்கள் பேயை நம்புவினம், பக்கத்து வேலிக்காரனை நம்பமாட்டினம். அண்டைக்கே மயில்வாகனம் குழி தோண்டுற அலவாங்கை எடுத்துத் தன்ர வேலியையும் ஒரு முழம் முன்னுக்கு வைச்சார். அடுத்த நாள் கனகலிங்கம் வைச்சார். பிறகு இவர். புல்லுக்கத்தி மூலையில கிடந்தது, ஒழுங்கையில புல்லு திரும்ப முளைச்சுது.

"அப்பா, எனக்கு நாள் கிட்டுது. வேலியை விடுங்கோ" எண்டு மகள் கேட்டவள்.

விட்டாரே? அவருக்கு ரோசம்.

அந்தக் கிழமையே, இதே மைம்மல் நேரம், அவளுக்கு நோக்காடு கண்டுது. மழை வேற. உழவுமிசின் வந்து ஒழுங்கை வாசலில நிண்டது... மண்ணெண்ணெய்ப் புகை குசினி வரைக்கும் மணக்குது... பெட்டி உள்ளுக்கு வரேலாது. மகளைக் கதிரையில இருத்தித் தூக்கிச்சினம், முன்னுக்குக் கனகலிங்கம், பின்னுக்கு மயில்வாகனம். அப்பதான் ரண்டு பேரும் ஒண்டாச் சேந்தவை. பாதி ஒழுங்கையில கதிரை இறுகிச்சுது. பகல் சைக்கிள் உருட்டிக்கொண்டு போன இடம். இப்ப முன்னுக்கும் போகேல்லை, பின்னுக்கும் வரேல்லை. மயில்வாகனம் கத்தியால கதியாலைக் கொத்துறார். வெட்டு விழுகுது. கதியால் அசையேல்லை.

அப்ப... அவற்ற காலடியில. சேத்தில ஏதோ இழுபடுற சத்தம். சர்ர்... நிக்குது. சர்ர்... நிக்குது. முழங்கால் உயரத்தில இருந்து ஒரு பொம்பிளைக் குரல். கோவமே இல்லையாம்.

"இருங்கோ தம்பி... இறக்கிப்போட்டு வாறம்."

பிள்ளை அந்தக் கதிரையிலேயே பிறந்தது. பிள்ளை தப்பிச்சுது. விமலேஸ்வரி தப்பேல்லை.

அடுத்த நாள் பின்னேரம் அவளைச் சுடலைக்கு ஏத்த அதே உழவுமிசின் வந்தது. ஒழுங்கை வாசலில நிக்கேல்லை. நேர உள்ளுக்கு வந்து, வேலி ஒண்டும் உரசாமல், வீட்டுப் படலையடியில நிண்டது. மயில்வாகனம் தடியை எடுத்துக் குறுக்க பிடிச்சுப் பாத்தார். ரண்டு பக்கமும் முட்டேல்லை. மனிசன் அந்த இடத்திலயே குந்திட்டார்.

பெட்டி வெளிக்கிட்டுப் போனாப்பிறகு நிலத்தைப் பாத்தவராம். ஈரமண்ணில உள்ளங்கைத் தடம்... நடுவில இழுபட்ட தடம்... ஒழுங்கை முடிவில, அந்த மண்வீட்டடியில இருந்து நேர வந்து, பெட்டி நிண்ட இடத்தில முடியுது.

திரும்பிப் போன தடம் இல்லை.