கல்லறைக்குப் பூக் கொண்டுவந்தவர்

டக்காரில் நல்ல வீட்டுக்காரர்கூடக் கிடைத்துவிடுவார், ஐயா. நல்ல சாக்ஸபோன்காரன் கிடைப்பதுதான் கஷ்டம். லத் ஜோர் எங்களுக்கு அப்படிக் கிடைத்தவன். ஜாஸையும் எங்கள் ஊர் மேளத்தையும் கலந்து வாசிக்கிற குழு எங்களுடையது. கிதார் நான், தலைவனும் நான்தான். கைதட்டல் மட்டும் அவனுக்கு. அதில் எனக்கு வருத்தமே கிடையாது.

பாரிஸிலிருந்து மோரெல் என்கிற இசைத்தட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். லத் ஜோர் மட்டும் வந்தால் போதுமாம். அவன் போனால் குழு கலைந்துவிடும். “அவன் காலமாகிவிட்டான்” என்றேன். அந்த நேரத்துக்கு வேறு சாக்கு தோன்றவில்லை.

மனிதர் தொலைபேசியிலேயே அழுதார். எங்கள் பழைய ஒலிநாடாவை அஞ்சலி என்று சொல்லி அங்கே வெளியிட்டார். அமோக விற்பனை. செத்தவனைப் புகழ்ந்து பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதினவாம். அவனோ இங்கே என் வீட்டில் உட்கார்ந்து, தேநீரில் சர்க்கரை குறைவு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு வருஷம் கழித்து மோரெல் மறுபடி கூப்பிட்டார். கல்லறையில் பூ வைக்க அடுத்த வாரம் வருகிறாராம். விருந்தாளியை ஏமாற்றி அனுப்பும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

புது இசைத்தட்டின் அட்டைக்குப் படம் எடுக்கலாம் என்று லத் ஜோரைக் கடலோரப் பாறைக்கு அழைத்துப்போனேன். நல்ல வெயில்.

“இன்னும் கொஞ்சம் பின்னால போடா.”

“பின்னால கடல்டா, பிராம். நான் என்ன மீனா?”

“உன் தொப்பை படத்துக்குள்ள அடங்கலடா.”

சிரித்துக்கொண்டே நகர்ந்தான். மிச்சத்தை என் கை பார்த்துக்கொண்டது. அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சாக்ஸபோனை முன்பே வாங்கி வைத்துக்கொண்டேன். உப்புத்தண்ணீர் அதற்கு ஆகாது.

கால் வழுக்கிவிட்டது என்று ஊரே நம்பியது. மறுநாளே அடக்கம். மோரெல் வந்தார், பூ வைத்தார், குனிந்து பார்த்தார்.

“மண்ணு இன்னும் ஈரமா இருக்கே?”

மழை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் எங்கள் மேளக்காரன் கோர்கி விம்மினான்.

“நாலு நாள்தானே சார் ஆச்சு.”

ஆமாம், தள்ளியது நான்தான். குழு கலையக் கூடாது என்பதற்காக. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குழுவில் யாரும் இன்னும் என்னைப் பார்க்க இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஒத்திகையில் இருப்பார்கள்.