பைக்குள் மூச்சு

மன்னாரிலிருந்து வங்காலைக்குப் போகும் மத்தியான பஸ். பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. பாதிப்பேர் கண்ணயர்ந்துவிட்டார்கள். எனக்கு முன் இருக்கையில் முக்காடு போட்ட ஒரு பெண், காற்றடைத்துக் கட்டிய தண்ணீர்ப் பையொன்றை மடியில் வைத்திருந்தார். உள்ளே விரல்நுனி அளவில் கடலட்டைக் குஞ்சுகள்.

"இதுகள் பின்பக்கத்தாலதான் மூச்சு விடும், அக்கா," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

"யேசுவே! அப்ப வாய் என்னத்துக்கு?"

"மண் தின்ன."

"எங்கட வீட்டிலையும் ஒருத்தர் இருக்கிறார், வாய் தின்ன மட்டுந்தான்."

சிரித்த பெண் சட்டென்று பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஒண்டும் அசையேல்லை, அக்கா. முதன்முதலா வளர்க்கப் போறன். வெக்கையில செத்திட்டுதுகளோ?"

"தொட்டுப் பாரன், தங்கச்சி."

"உயிரெண்டா தொட்டாச் சுருங்கும்தான். ஆனா கட்டை அவிழ்த்தா அடைச்ச காத்துப் போயிடும்."

அக்கா போத்தல் தண்ணீரில் துவாயை நனைத்துப் பையின் அடியில் சுற்றிவிட்டார். இரண்டு பேரும் பைக்குள்ளேயே உற்றுப் பார்த்தார்கள். பைக்குள்ளும் வெளியிலும் கடல் ஒரே நிறத்தில் தெரிந்தது.

"இஞ்ச பார், கறுப்பு நூல் மாதிரி ஏதோ வருது!"

"அல்ஹம்துலில்லாஹ்! அது கழிக்குது, அக்கா. குஞ்சு பொரிக்கிற பண்ணையில நேற்றிலிருந்து சாப்பாடு குடுக்காமல் வெறும் வயித்தோடதான் கட்டித் தந்தவை."

"அப்ப இவன் ஒளிச்சுத் திண்டிருக்கிறான், கள்ளன்!"

"திண்டிட்டுப் போகட்டும், அக்கா. உயிரோட இருக்கிறான்."