கண்ணில்லாத பெண்ணின் மெயில்

ரயிலில் எல்லோரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டே வந்த காலம் அது. கேட்டுக்கொண்டே போவதில் எனக்கு ஒரு சுகம். ஒருநாள் சாயங்காலம் தாம்பரம் ரயிலில், மகளிர் பெட்டியில், என் எதிரே ஒரே ஆபீஸில் வேலை செய்யும் இரண்டு பெண்கள்.

“அவளுக்குக் கண்ணே இல்லக்கா. மெயில்ல போட்டோவோட வந்துச்சு. பத்து பேருக்கு அனுப்பலைன்னா ராத்திரி கட்டில் பக்கத்துல வந்து நிப்பாளாம்,” என்றாள் சின்னவள்.

பெரியவள் சிரித்தாள். “படிச்ச பொண்ணுதானே நீ? அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றதுடி.”

“ஹாஸ்டல் ரூம்ல கூட இருந்தவ கல்யாணமாகிப் போயிட்டா. இன்னிக்கு நான் தனியாத்தான் படுக்கணும். அதான் அனுப்பிட்டேன். மேனேஜருக்கும்.”

“திட்டலையா?”

“இல்லக்கா. என் சீட்டுக்கு வந்து, வீட்டு ஆளுங்களுக்கு அனுப்பினாலும் செல்லுமான்னு மெதுவா கேட்டாரு.”

பெரியவளின் சிரிப்பு நின்றது. “எனக்கும் அனுப்பியிருக்கியா?”

“பத்தாவதுக்கு வேற யாரும் கெடைக்கலக்கா.”

குரோம்பேட்டை வந்து போனது. பெரியவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஹாஸ்டலுக்குப் போகாத. செம்பாக்கத்துல என் வீட்டுக்கு என்கூட வந்துடு. அவ வந்தான்னா ரெண்டு பேரையும் ஒரே எடத்துல பாத்துட்டுப் போகட்டும்.”